சாண் சாணாக ஒடுங்கிய தெரு

எங்கள் சாயக்காரத் தெரு ஒடுங்குகிறது என்பதை முதலில் கண்டது நான்தான். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, ஏனென்றால் கண்டவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் அல்லாமல், அந்த ஒடுக்கத்துக்குத் தன் பங்காக ஒரு சாண் சேர்த்தும் கொடுத்தாள். தினமும் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவளுக்குத் தெருவின் அகலம் குனிந்த முதுகிலேயே தெரியும். மார்கழியில் எங்கள் வாசலுக்கும் எதிர்வீட்டு நூர்ஜஹானின் படிக்கும் நடுவே இருபத்தோரு புள்ளி வைத்தேன், தை பிறந்தபோது பத்தொன்பதுதான் பிடித்தது, மாசியில் பதினேழு. புள்ளியை நான்தான் தள்ளித் தள்ளி வைக்கிறேனோ என்று விரல்களை வைத்து அளந்து பார்த்தேன், விரல்கள் அப்படியே இருந்தன, தெருதான் குறைந்திருந்தது.

எப்போது குறைகிறது என்பதும் சீக்கிரமே புரிந்தது. புது வண்டி ஒன்று தெருவுக்குள் வந்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்களானால், மறுநாள் காலையில் இரண்டு பக்கத்து வீடுகளும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்திருக்கும். ஸ்கூட்டர் என்றால் நாலு விரல், கார் என்றால் ஒரு சாண். இடிந்த சத்தம் கிடையாது, சுவரில் விரிசல் கிடையாது, செம்பில் வைத்த தண்ணீர்கூடத் தளும்பாது. பஸ்ஸில் கூட்டம் ஏறும்போது உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்சம் ஒண்டிக்கொள்வார்களே, அந்த மாதிரி வீடுகள் வண்டிக்கு இடம் விட்டு ஒண்டிக்கொள்வதற்குப் பதிலாகத் தெருவின் மேல் ஒண்டிக்கொண்டன.

பஸ் என்று சொன்னது என் வீட்டுக்காரர் தாமோதரனால் வந்த பழக்கம். முப்பத்து நாலு வருடம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர், ஓய்வு பெற்ற மறுவருடம் இரண்டு சிறுநீரகமும் சோர்ந்துபோய், செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிரோடு இருக்க முடியும் என்று ஆனவர். காலை ஏழரைக்கு அவருக்கு ஒதுக்கிய படுக்கை, தாமதமானால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்கு அந்த ஏழரைதான் வாழ்க்கை. திங்கட்கிழமை ராத்திரி தூங்க மாட்டேன், வியாழக்கிழமை ராத்திரி தூங்க மாட்டேன், ஆட்டோ வருமா, மழை வருமா, தெருமுனையில் தண்ணீர் லாரி நிற்குமா என்று மனது ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பயத்தில்தான் என் மகன் திவாகரை அரித்தேன். சாப்பாடு போடும்போது அரித்தேன், அவன் சட்டைக்கு இஸ்திரி போடும்போது அரித்தேன். "எதிர்த்த வீட்டுல இருக்கு, ஏகாம்பரம் சார் வீட்டுல ரெண்டு இருக்கு, உங்க நைனாவுக்குன்னு ஒரு கார் வாங்க மாட்டியா?" அவன் வாங்கினான். சாம்பல் நிறம், பழைய கார்தான், ஆனால் எங்கள் தெருவுக்குப் புதுசு. நானே தேங்காய் உடைத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியபோது கோலப் புள்ளிகள் ஞாபகத்துக்கு வந்தன, வந்ததை விழுங்கிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "ஒரு டிரிப்புக்கு எழுபது பேரை ஏத்திக்கினு போனவன்டா நானு. இப்ப ஒரே ஒரு பேசஞ்சர், அவனுக்கு ஒரு தனி வண்டி."

மறுநாள் காலை நூர்ஜஹானின் தையல் மெஷின் சத்தம் முன்பைவிட ஒரு சாண் கிட்டத்தில் கேட்டது.

தெருவில் இருந்த மற்றவர்கள் கண்டுகொள்ள இன்னும் இரண்டு மாதம் ஆனது, கண்டுகொண்டதும் ஒரு வாரம் பேசினார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். தெரு நலச் சங்கத் தலைவர் ஏகாம்பரம், மெயின் ரோட்டில் பெயிண்டுக் கடை வைத்திருப்பவர், எல்லார் வீட்டுப் பத்திரங்களையும் வாங்கி வைத்துப் படித்தார். அத்தனை பத்திரத்திலும் இருபது அடித் தெரு என்றே இருந்தது. பத்திரத்தில் இருபது என்றால் இருபதுதான் என்று சங்கம் கைதூக்கி முடிவு செய்தது, தலைவர் தன் கடை பெயிண்டாலேயே 'சாயக்காரத் தெரு, அகலம் 20 அடி' என்று பலகை எழுதித் தெருமுனையில் நட்டார். நட்ட அன்று தெரு பதிமூன்று அடி இருந்தது.

பழகுவதற்குச் சௌகரியமும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். மாடிக்கு மாடி கொடி கட்டித் துணி காயப் போட்டோம். எங்கள் வீட்டு ரசம் கிண்ணத்தில் நூர்ஜஹான் வீட்டுக்குப் போனது, அவள் வீட்டுச் சேமியா அதே கிண்ணத்தில் திரும்பி வந்தது, யாரும் படி இறங்கவில்லை. கரண்ட் பில் கட்டாத வீட்டுக்காரர்கள் எதிர்வீட்டு டிவியைச் சன்னல் வழியாகப் பார்த்தார்கள், சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். ஆடி மாதம் அம்மன் ஊர்வலத்து வண்டி உள்ளே நுழைய முடியாமல் நின்றபோது, அம்மனைத் தூக்கி மாடிக்கு மாடி கைமாற்றிக் கொடுத்துத் தெருவின் மறுமுனை வரை அனுப்பினார்கள், அம்மன் இதற்கு முன் இவ்வளவு பேர் கையில் உட்கார்ந்ததில்லை என்று பூசாரியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வானம் மட்டும் ஒரு நாடா மாதிரி ஆகிவிட்டது. வடகம் காயவில்லை. காலையில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளப்பி உறுமும்போது புகை போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது, பிள்ளைகள் இருமினார்கள், தலையணை உறைகளைத் துவைத்தால் தண்ணீர் கருத்தது. அதற்கும் பழகினோம்.

ஆனால் நாங்கள் செய்த ஒரு காரியம்தான் எங்களை அடைத்தது. தெரு ஒடுங்கியதும் பெரிய வண்டி திரும்பவில்லை என்று ஆளாளுக்குச் சின்ன வண்டி வாங்கினார்கள். பெரியதை விற்றுவிட்டுச் சின்னதை வாங்கினார்களா என்றால் இல்லை, பெரியது நின்ற இடத்தில் நிற்கட்டும், அது நம் இடம், விட்டால் அடுத்தவன் பிடித்துக்கொள்வான் என்று பெரியதைக் காவலுக்கு வைத்துவிட்டுச் சின்னதை வாங்கினார்கள். இரவல் இடத்தைப் பிடிக்க வாசலில் உடைந்த ஆட்டுக்கல்லையும் சிமெண்ட் ஊற்றிய பக்கெட்டையும் வைக்கிற ஊர் இது, காரையே ஆட்டுக்கல்லாக வைத்தார்கள். ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் நாலு விரல் குறைந்தது. தெருவில் இடமில்லாமல் போனதும் அடுத்த புது வண்டிகளை மெயின் ரோட்டில் ஓரம் கட்டிவிட்டு, அங்கே இருப்பது நம் கணக்கில் வராது என்று சொன்னார்கள்.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை திவாகர் காரைக் கிளப்பினான், கார் உறுமியது, நகரவில்லை. தெரு முழுவதுமே ஒரு காரின் அகலம் ஆகி, இரண்டு பக்கச் சுவரும் வண்டிகளைக் கவ்விப் பிடித்திருந்தன. முன்னால் நூர்ஜஹான் வீட்டுக் கார், அதற்கு முன்னால் ஏகாம்பரத்தின் இரண்டு கார்கள், அப்படியே முனை வரை முட்டிக்கொண்டு ஒரே வரிசை, கார்களுக்கு நடுவில் ஸ்கூட்டர்கள் சொருகியிருந்தன. எந்தக் கதவும் திறக்கவில்லை. திவாகர் சன்னல் வழியாக நெளிந்து வெளியே வந்தான். ஏழரை மணி போயிற்று. அவருடைய படுக்கையில் வேறு யாரோ படுத்திருப்பார்கள்.

புதன்கிழமை அவர் கால் வீங்கியது. வியாழக்கிழமை முகம் வீங்கியது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சை எண்ணி எண்ணி இழுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் எப்படியாவது கொண்டுவாருங்கள், படுக்கை தருகிறோம் என்றார்கள். எங்கள் வீடுகளுக்குப் பின்பக்கம் வழி கிடையாது, பின்சுவர் அடுத்த தெருவின் பின்சுவர்.

"மேல போயிடலாம்க்கா," என்று எதிர்சன்னலில் இருந்து நூர்ஜஹான் சொன்னாள். "எங்க வண்டி மேல ஏறிக்கோங்க. நெளிஞ்சா நெளிஞ்சுட்டுப் போவுது."

திவாகரும் நூர்ஜஹானின் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேருமாக அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் துண்டால் கட்டி, கார்களின் கூரை மேலேயே நடந்தார்கள். நான் பின்னால் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு தவழ்ந்தேன். ஒவ்வொரு கூரையும் டொம்மென்று அமுங்கியது, ஒவ்வொரு அமுங்கலுக்கும் ஒரு சன்னல் திறந்து "பார்த்து, பார்த்து" என்றது. மனிதரைப் பார்த்துச் சொன்னார்களா வண்டியைப் பார்த்துச் சொன்னார்களா என்று நான் யோசிக்கவில்லை. ஏகாம்பரத்தின் புதுக் காருக்கு வந்தபோது அவர் மாடியிலிருந்து கை நீட்டினார்.

"அந்தக் கூரை கண்ணாடிம்மா. தாங்காது. ஓரமா சுத்திப் போங்க."

"எந்த ஓரம் சார்?" என்றான் திவாகர்.

ஏகாம்பரம் ஓரத்தைத் தேடினார். இரண்டு பக்கமும் தேடினார். கீழே பலகை இருக்கும் திசையில்கூடப் பார்த்தார்.

வீங்கிய முகத்தோடு என் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார். "தலைவரே, நான் எழுபது கிலோ கூட இல்ல. அதுல பாதி தண்ணி. ஆஸ்பத்திரில எறக்கிட்டு வந்துடறேன், வர்றப்ப லேசா வர்றேன்."

ஏகாம்பரம் உள்ளே போய் ஒரு மெத்தையைக் கொண்டுவந்து காரின் மேல் போட்டார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். திரும்பியும் கூரை மேலேயே வந்தார்.

சனிக்கிழமை சங்கம் கூடியது. கூட இடமில்லாததால் அவரவர் சன்னலில் நின்றபடியே கூடினார்கள். வீட்டுக்கு ஒரு வண்டியை எடுத்துவிட வேண்டும் என்பதில் ஒருத்தருக்கும் மறுப்பு இல்லை, யார் முதலில் எடுப்பது என்பதில்தான் நின்றது. "என் பொண்ணு டியூஷனுக்குப் போவணும்." "என்னுது மாமனார் கொடுத்தது, எடுத்தா வீட்டுல சண்டை." "நான் எடுத்தா அந்த இடத்துல அவன் வைக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?" ஒருத்தர் ஒற்றைப்படை வீடுகள் முதலில் என்றார், ஒற்றைப்படை வீடுகள் எல்லாம் சேர்ந்து ஏன் என்றன. இத்தனை வருடத்தில் நான் கூட்டத்தில் பேசியதே இல்லை.

"எங்க வண்டிய எடுத்துடறோம்," என்றேன்.

திவாகர் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எப்படிம்மா எடுப்பே? நகரவே மாட்டேங்குதே."

"துண்டு துண்டா எடுக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர்கள் இரண்டு பேர் கூரை மேல் நடந்து வந்தார்கள். கதவைக் கழற்றினார்கள், இருக்கையைக் கழற்றினார்கள், பாக்கியை அறுத்தார்கள், எறும்பு சர்க்கரையைத் தூக்கிப்போகிற மாதிரி தலைச்சுமையாகத் தூக்கிப்போனார்கள். "அடுத்த தடவை நைனாவுக்கு மூச்சு வாங்குனா?" என்று மட்டும் கடைசியில் திவாகர் கேட்டான். கேட்ட குரல் அவனுடையது அல்ல, என்னுடையது. ஒரு வருடம் அவன் காதில் நான் ஊற்றியது அப்படியே திரும்பி வந்தது. சாப்பிட வா என்றேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது தெரு ஒரு சாண் அகன்றிருந்தது. முனை முதல் முனை வரை, கார்களுக்கும் எங்கள் பக்கத்துச் சுவருக்கும் நடுவில், ஒரு மனிதர் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு. ஜனங்கள் அதில் நடந்தார்கள், காரணம் இல்லாமலேயே போய்விட்டுப் போய்விட்டு வந்தார்கள், நூர்ஜஹான் எங்கள் வீட்டுக்குப் படி இறங்கி வந்து, கார்களின் மூக்கைத் தாண்டி, நாலு மாதத்துக்கு அப்புறம் என் அடுப்படியில் உட்கார்ந்து காபி குடித்தாள். "எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்கறேங்கறாரு," என்றாள். "நாலு விரல்தான் வரும். வந்தா வரட்டும்." மத்தியானத்துக்குள் யாரோ அந்த ஒரு சாண் இடத்தில் சிமெண்ட் பக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கே கிளம்பினோம். அவர் சுவரில் வலது கையை ஊன்றிக்கொண்டு ஒருக்களித்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, தானாகவே முனை வரை நடந்துவிட்டார். திவாகர் முதல் நாள் ராத்திரி வேலைக்குப் போனவன் வரவில்லை. மெயின் ரோட்டில் ஆட்டோ பிடிக்கலாம் என்றேன்.

"அதுவும் நாலு விரல்தான் அனுசு. பஸ் வரட்டும்."

பஸ் வந்தது. கண்டக்டர் பையன் இவரைப் பார்த்ததும் யாரென்று தெரியாமலேயே முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தான். எனக்குப் பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தது. பத்தே நிமிடம். பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் பஸ் நின்றது, நின்றது நகரவில்லை. ஆறரை ஆனது. ஆறே முக்கால் ஆனது. ஹாரன் சத்தம் முன்னாலிருந்து பின்னால் போய்ப் பின்னாலிருந்து முன்னால் வந்தது. இடது பக்கம் நான் எட்டிப் பார்த்தேன், நகைக்கடைச் சுவர் சன்னலுக்கு ஒரு முழத்தில் இருந்தது. இந்த ரோட்டில் இந்தக் கடைக்கு முன்னால் பிளாட்பாரம் உண்டு, பிளாட்பாரத்தில் கொய்யாப்பழக்காரி உண்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு சாண் ஆனது. பகலில், கண்முன்னால், செம்புத் தண்ணீர் தளும்பாமல்.

"இந்த ரோடு முன்ன இதவிட அகலம்," என்றார் அவர்.

"ஆமாங்க," என்றேன்.

வலது பக்கம் கார்கள் மூன்று வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள். பஸ்ஸை ஒட்டினாற்போல் நின்ற காரில், பேப்பர் ஒட்டிய புது இருக்கையில், கண்ணாடியில் பொட்டு வைத்து, முன்னால் வாடாத மாலையோடு உட்கார்ந்திருந்தவன் என் மகன்.

அவனும் என்னைப் பார்த்தான். கண்ணாடியை இறக்கினான்.

"எப்படா வாங்கினே?"

"நேத்து சாயந்திரம். வேற தெருவுல வுட்டிருந்தேன்." அவன் கண் சிவந்திருந்தது. "உங்களை ஏத்திக்கினு போகத்தாம்மா வந்தேன். முனையில வந்து நிக்கலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீங்க பஸ் ஏறிட்டீங்க. பின்னாடியே வந்தேன்."

திட்டலாம் என்றால் என் வாயால் வாங்கின கார் அது. நான் இல்லாத நேரத்தில் என் பயம் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த கார்.

அவர் என் தோளைத் தாண்டிக் குனிந்து பார்த்தார். கோபப்படவில்லை. "வண்டி நல்லா இருக்குடா. அப்படியே வுட்டுட்டு நீ இதுல ஏறு, சீட்டு இருக்குது," என்றார்.

திவாகர் கதவைத் திறந்தான். கதவு இரண்டு விரல் திறந்து பஸ்ஸின் தகரத்தில் இடித்து நின்றது. மறுபக்கத்துக் கதவைத் திறந்தான், அது அடுத்த காரில் இடித்தது. அந்தக் காரில் இருந்தவரும் தன் கதவைத் திறந்து பார்த்தார். அதற்கு அடுத்தவரும். ரோடு முழுக்கக் கதவுகள் இரண்டு விரல் திறந்து மூடிக்கொண்டன. அந்தக் காரில் சன்னல் பாதிக்கு மேல் இறங்காது போலிருக்கிறது, அவன் தோள் அதில் நுழையவில்லை.

ஏழு மணி ஆனது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு ஸ்டாப். கண்டக்டர் பையன் படிக்கட்டுப் பக்கம் போய்ப் பார்த்தான், கதவுக்கு வெளியே சுவர். "பெரியவருக்கு எங்க போவணும்?" என்று கேட்டான். சொன்னேன். அவன் யோசிக்கவில்லை, பின்பக்கத்து அவசர வழியைத் திறந்தான். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வழி விட்டார்கள். ஒரு பூக்காரி தன் கூடையைக் கவிழ்த்துப் படியாகப் போட்டாள், இரண்டு ஆண்கள் கீழே குதித்துக் கை நீட்டினார்கள்.

"மெல்ல இறக்குங்க," என்றேன், "இடது கையைப் பிடிக்காதீங்க, அதுலதான் ஊசி போடணும்."

இறக்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. என் கை சன்னல் வழியாகப் போய்த் திவாகரின் கையைப் பிடித்திருந்தது. அவன் கை ஐந்து வயதில் ஜுரம் வந்தபோது இருந்த மாதிரி சூடாக இருந்தது.

"நீ போம்மா," என்றான். "மணி ஆவுது."

"கண்ணாடிய ஏத்தாத," என்றேன். "காத்து வரணும். என்ஜினை நிறுத்து. தண்ணி வச்சிருக்கியா?"

"இருக்கும்மா."

"நாலு மணி நேரம்தான். முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்."

கீழே இருந்து அவர் கூப்பிட்டார். பஸ்ஸின் பின்பக்கத்தை இன்னொரு கார் முட்டும் முன் நான் கூடையில் காலை வைத்து இறங்கினேன். அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டிகளின் மூக்குக்கும் வாலுக்கும் நடுவே வளைந்து வளைந்து முன்னால் போனோம், கார் கூரைகளில் ஏற வேண்டிய இடத்தில் ஏறினோம், உள்ளே இருந்தவர்கள் நிமிர்ந்து எங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பாலத்து மேட்டில் அவர் மூச்சு வாங்க நின்றார். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பார்த்தேன். மேட்டிலிருந்து ஊர் முழுக்கத் தெரிந்தது, எல்லா ரோடுகளும் நூல் நூலாக இருந்தன, அந்த நூலில் எந்த இடத்தில் என் பிள்ளை இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

"நடக்கலாமா?" என்றார் அவர்.

ஏழு பத்து. நடந்தோம்.